மோக்கா பாட் மக்கர் பண்ணுதா? காபியைப் பார்த்தே கோளாறைக் கண்டுபிடிக்கலாம்

ஆசையாக வாங்கிய மோக்கா பாட் நிறைய வீடுகளில் இப்போது பரணில்தான் இருக்கிறது. வாங்கிய வாரம் தினமும் போடுவார்கள். அப்புறம் "ஒரே கசப்பு", "தண்ணியே மேல ஏற மாட்டேங்குது", "நம்ம பித்தளை பில்டரே தேவலை" என்று ஒவ்வொரு புகாராக வரும், ஒரு நாள் பாத்திரம் மேலே ஏறிவிடும். எனக்கு இது நிஜமாகவே வருத்தமான விஷயம். சேலத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தால் சேர்வராயன் மலை தெரிகிறது, அங்கே விளைகிற நல்ல கொட்டை கைக்கு எட்டுகிறது, அதைப் பத்து நிமிஷத்தில் திக்கான டிகாக்‌ஷன் ஆக்கித் தருகிற பாத்திரமும் வீட்டிலேயே இருக்கிறது, ஆனாலும் காபி கெட்டுப்போகிறது.

என் அனுபவத்தில் பெரும்பாலான கோளாறு தூளில் இருந்துதான் வருகிறது. அதற்கு அடுத்தது தீ. பாத்திரத்திலேயே கோளாறு என்பது அபூர்வம். அதனால் எந்த அறிகுறி வந்தாலும் முதலில் தூளைப் பாருங்கள், அப்புறம் அடுப்பைப் பாருங்கள், வாஷரையும் வால்வையும் அதற்குப் பிறகு நோண்டலாம்.

அறிகுறிகளுக்குப் போவதற்கு முன்னால் இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி விஷயம் தானாகவே விளங்கிவிடும். கீழே தண்ணீர்ப் பாத்திரம், நடுவில் தூள் போடும் புனல், மேலே டிகாக்‌ஷன் சேரும் ஜாடி, அவ்வளவுதான். கீழே தண்ணீருக்கு மேல் கொஞ்சம் காற்று அடைபட்டிருக்கும். சூடு ஏற ஏற அந்தக் காற்றும் நீராவியும் விரிந்து தண்ணீரை அழுத்தும். தண்ணீருக்குப் போக வேறு வழி கிடையாது, புனலின் குழாய் வழியாக ஏறித் தூளுக்குள் புகுந்து, நடுத்தண்டு வழியாக ஜாடியில் வந்து வழியும். 1933-ல் இத்தாலியில் அல்போன்சோ பியாலெட்டி அலுமினியத்தில் கொண்டுவந்தது இது, அடிப்படை இன்றும் மாறவில்லை. இதில் உண்டாகிற அழுத்தம் சுமார் ஒன்றரை பார் (பார் என்பது அழுத்தத்தை அளக்கிற அலகு), எஸ்பிரெசோ மெஷினில் 9 பார். ஆகவே கடை எஸ்பிரெசோவில் நிற்கிற தடித்த நுரை இதில் நிற்காது, நிற்கவில்லையே என்று கவலைப்படவும் வேண்டாம். அந்த ஒன்றரை பார் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தள்ளுகிற பலம் கொஞ்சம்தான், வழியில் தூள் அடைத்துக்கொண்டால் தண்ணீர் நின்றுவிடும்.

புஸ்ஸென்று ஆவி சீறுகிறது, மேலே சொட்டுக்கூட வரவில்லை

முதல் வேலை அடுப்பை அணைப்பது. சூட்டோடு திருகித் திறக்கவே கூடாது, உள்ளே அழுத்தம் இருக்கும், கொதிநீரும் தூளும் முகத்தில் அடிக்கும். ஈரத்துணி மேல் வைத்து ஆறவிடுங்கள், அவசரம் என்றால் கீழ்ப்பாகத்தை மட்டும் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள், கை வைத்துப் பிடிக்கிற சூட்டுக்கு வந்ததும் திறக்கலாம்.

இப்போது ஆவி எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். ரெண்டு பாகமும் சேர்கிற இடுக்கில் இருந்தா, பக்கவாட்டில் இருக்கிற சின்ன வால்வில் இருந்தா? ரெண்டுக்கும் காரணம் வேறு.

இடுக்கில் இருந்து என்றால் சீல் பிடிக்கவில்லை. பெரும்பாலும் புனலின் விளிம்பில் நாலு துகள் தூள் ஒட்டியிருக்கும், அதுவே போதும் ஆவி கசிய. தூள் போட்ட பிறகு விளிம்பைச் சுற்றி விரலால் ஒரு தடவை துடைத்துவிட்டு மூடுங்கள். அடுத்தது, முடுக்குவது. கைப்பிடியைப் பிடித்து முடுக்கினால் கைப்பிடி ஆடத் தொடங்குமே தவிர திருகு இறுகாது, ஒரு துணியைச் சுற்றிப் பாத்திரத்தின் உடம்பையே பிடித்து முடுக்க வேண்டும். வெந்நீர் ஊற்றித் தொடங்குகிறவர்கள் இதை அரைகுறையாகச் செய்துவிடுவார்கள், கை சுடுமே என்று.

விளிம்பும் சுத்தம், முடுக்கியதும் சரி, இன்னும் கசிகிறது என்றால் வாஷர். ஜாடியைக் கவிழ்த்து உள்பக்கம் பாருங்கள், வெள்ளை அல்லது சாம்பல் நிறத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும், அதன் நடுவில் ஓட்டை போட்ட தட்டு. வளையத்தை நகத்தால் அழுத்துங்கள். உள்ளே வாங்கிக்கொண்டு திரும்ப எழும்பினால் நல்லது. நகம் இறங்கவே இல்லை, அல்லது இறங்கிய தடம் அப்படியே நிற்கிறது, ஓரத்தில் பழுப்பாக வெடிப்பு தெரிகிறது என்றால் மாற்றும் காலம் வந்துவிட்டது. எத்தனை கப் பாட் என்பதைப் பொறுத்து அளவு மாறும், அலுமினிய பாட்டுக்கும் ஸ்டீல் பாட்டுக்கும்கூட அளவு வேறு, ஆகவே பழைய வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குங்கள். குக்கர் ரப்பரை வெட்டி ஒட்டுகிற வேலை வேண்டாம்.

வால்வில் இருந்து சீறினால் அது வேறு கதை. தூளில் அடைப்பு, தண்ணீருக்கு வழியில்லை, அழுத்தம் ஏறிவிட்டது, வால்வு திறந்து உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. குக்கரில் சேஃப்டி வால்வு செய்கிற அதே வேலை. இங்கே வால்வைக் குறை சொல்லாமல் தூளைப் பார்க்க வேண்டும், நம் ஊரில் தூள் என்றாலே சிக்கரியில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

கடையில் போய்த் தூள் கேட்டால் "எத்தனை கிராம்ங்க" என்பதற்கு அடுத்த கேள்வியே "சிக்கரி எவ்வளவு போடட்டுங்க?" என்பதுதான். நூறு கிராமுக்கு இருபது, முப்பது என்று வாய் தானாகச் சொல்லிவிடும். பில்டரில் அது ஒன்றும் செய்யாது, அங்கே தண்ணீர் தன் பாட்டுக்கு மெதுவாக இறங்குகிறது, அரை மணி நேரம் ஆனாலும் யாரும் கேட்கப்போவதில்லை. மோக்கா பாட்டில் சிக்கரி சூடான தண்ணீர் பட்டதும் ஊறி உப்பி, பிசின் போலக் காபித்தூளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒன்றரை பார் பலத்துக்கு அதைத் தாண்ட முடியாது. அதிலும் பாக்கெட் தூள் என்றால் பின்பக்கத்தைக் கட்டாயம் படியுங்கள், சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதுதான் சட்டம், அதாவது சிக்கரி 49 சதவீதம் வரை இருக்கலாம், எவ்வளவு என்று பாக்கெட்டில் போட்டிருப்பார்கள்.

அதனால் கடையில் இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணா, சிக்கரி வேண்டாங்க, வெறும் கொட்டை மட்டும், பில்டருக்கு அரைக்கிற பதத்துலயே குடுங்க." பெரும்பாலும் சரியாக வரும். வாங்கியதும் ஒரு சிட்டிகையை ரெண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள். பொடியுப்பு அளவுக்கு நெருநெருவென்று இருக்க வேண்டும். பவுடர் பூசியதைப் போல வழுவழுவென்று விரலில் ஒட்டினால் அது ரொம்ப நைஸ், பாட் அடைத்துக்கொள்ளும். கொரகொரவென்று துகள் துகளாக உதிர்ந்தால் பெரிசு, டிகாக்‌ஷன் நீர்த்துப்போகும். கடைக்குக் கடை மெஷின் வேறு, ஒரு கடையின் பில்டர் பதம் இன்னொரு கடையில் நைஸாக இருக்கும், ஒரே கடையில் வாங்கிப் பழகினால் இந்த ஆட்டம் குறையும்.

சிக்கரி வாசனை இல்லாவிட்டால் காபி குடித்த மாதிரியே இல்லை என்கிற பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அதற்கும் வழி இருக்கிறது. கால் ஸ்பூன் சிக்கரியைத் தனியாகக் கொதிநீரில் கரைத்து வடிகட்டி, தயாரான டிகாக்‌ஷனில் கலந்துவிடுங்கள். நிறமும் தடிப்பும் கிடைக்கும், பாத்திரமும் தப்பிக்கும்.

இன்னொன்று, அழுத்துவது. பில்டரில் தூளைப் போட்டுத் தட்டி அமுக்கி அதன்மேல் தட்டு வைத்துப் பழகிய கை, இங்கேயும் அமுக்கும். கூடாது. தூளைக் குவித்துப் போட்டு, புனலை ஒரு தட்டுத் தட்டி, மேலே விரலால் சமன் செய்து விட்டுவிடுங்கள்.

தூள் சரியாக இருந்தும் வால்வு ஓயாமல் லேசாகக் கசிகிறது என்றால் அதில் உப்புப் படிந்திருக்கலாம். போர் தண்ணீர் ஊற்றுகிற வீடுகளில் இது சகஜம். வால்வின் நடுவில் ஊசி போல நீட்டிக்கொண்டிருக்கும் வகை என்றால் அதை லேசாக அசைத்துப் பாருங்கள், அசைய வேண்டும். அசையவில்லை என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ஸ்பூன் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) கரைத்து, வால்வு முழுகுகிற உயரத்துக்கு ஊற்றி அரை மணி நேரம் ஊறவைத்துக் கழுவுங்கள். அப்படியும் அசையாத வால்வோடு அடுப்பில் ஏற்றவே வேண்டாம். கசிகிற வால்வை எம்-சீல் வைத்து அடைப்பது அதைவிட ஆபத்து, அடைத்த பாத்திரம் வெடிக்கும்.

கசக்கிறது, கருகல் வாடை அடிக்கிறது

இது தீ சம்பந்தப்பட்டது. நம் வீட்டு கேஸ் அடுப்பில் சின்ன பர்னரே மோக்கா பாட்டுக்குப் பெரிசு. தீ அடிப்பாகத்தைத் தாண்டிப் பக்கவாட்டில் ஏறி நக்கினால் கைப்பிடி உருகும், வாஷர் காயும், தண்ணீர் தடதடவென்று ஏறும், காபி கசக்கும். சின்ன பர்னரில் சிம்மில் வையுங்கள். தீ அடிப்பாகத்துக்குள்ளேயே அடங்கியிருக்க வேண்டும். அடுப்புக் கம்பிகளின் இடைவெளியில் பாட் நிற்காமல் சாய்ந்தால் மேலே வைக்கச் சின்னக் கம்பி ஸ்டாண்ட் கிடைக்கும், இல்லாவிட்டால் பழைய இரும்புத் தோசைக்கல்லைப் போட்டு அதன்மேல் வைக்கலாம், நேரம் கூடும், அவ்வளவுதான்.

தீயைவிட முக்கியம் எப்போது இறக்குவது என்பது. ஒரு தடவை மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு முழுசாகப் பாருங்கள். முதலில் நடுத்தண்டின் வாயில் கறுப்பாக, தேன் பதத்தில் சொட்டுச் சொட்டாக எட்டிப்பார்க்கும், பிறகு ஒரே இழையாக இறங்கும். பாட்டி வீடுகளில் கள்ளிச்சொட்டு என்பார்களே, அந்த அடர்த்தி. சத்தமே இருக்காது. கொஞ்ச நேரத்தில் இழை பழுப்பாகும், பிறகு வெளிர் மஞ்சளாகி, ஓரங்களில் சின்னச் சின்னக் குமிழ் வர ஆரம்பிக்கும். அந்த மஞ்சளைப் பார்த்த நொடியே இறக்கிவிட வேண்டும். இறக்காமல் விட்டால் களக் களக் என்று சத்தம் வரும், தண்டில் இருந்து வெள்ளை நுரையும் ஆவியும் தெறிக்கும். அந்தச் சத்தம் வந்தால்தான் காபி ரெடி என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கீழே தண்ணீர் தீர்ந்து, சுடுஆவி தூளுக்குள் புகுந்து, கடைசிக் கசப்பு வரைக்கும் உருவிக்கொண்டு வருகிறது என்பதுதான் அந்தச் சத்தத்துக்கு அர்த்தம். நல்லதாக வந்த முதல் பாதியையும் அது கெடுத்துவிடும்.

இறக்கிய பிறகும் பாத்திரத்தில் சூடு மிச்சம் இருக்கும், ஏறிக்கொண்டேதான் இருக்கும். கீழ்ப்பாகத்தைக் குழாயில் ரெண்டு நொடி காட்டினால் நின்றுவிடும். அல்லது உடனே டம்ளரில் ஊற்றிவிடுங்கள், ஜாடியிலேயே விட்டு வைக்காதீர்கள்.

தீயும் சரி, இறக்கியதும் சரி, இன்னும் கசப்பு என்றால் வறுவல்தான். பாலுக்குத் தாங்க வேண்டும் என்று நம் கடைகளில் கறுக்க வறுப்பது உண்டு. எண்ணெய் மினுமினுப்போடு கறுப்பாக இருக்கிற கொட்டையை அரைத்தால் மோக்காவில் கசக்கத்தான் செய்யும், ஒரு படி குறைத்து நடு வறுவல் கேளுங்கள்.

புளிக்கிறது, வாயில் ஒட்டவே இல்லை

ஏற்காட்டில் இருந்து கொட்டை வாங்கிவந்து போடுகிறவர்கள் அதிகம் சொல்கிற புகார் இதுதான். கொட்டையைக் குறை சொல்ல வேண்டாம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் கொண்டுவந்து நட்டதில் இருந்து அந்த மலையில் முக்கியமாக விளைவது அராபிகா வகைக் காபி. சில்வர் ஓக் நிழலில், மிளகுக் கொடிக்கு நடுவில் மெதுவாகப் பழுக்கிற அராபிகாவுக்கு இயல்பிலேயே ஒரு மெல்லிய புளிப்பு உண்டு, அது அதன் குணம். பாலில்லாமல் குடித்தால் பழ வாசனையாகத் தெரியும். அந்தப் புளிப்பு துருத்திக்கொண்டு நின்றால்தான் கோளாறு.

"மலை மேல தண்ணி சீக்கிரம் கொதிச்சிடும், அதான் காபி இறங்கல" என்று ஏற்காட்டுக்காரர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கொதிப்பது என்னவோ உண்மை. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதிக்கும், கீழே சேலத்தில் 99 வரை போகும். பில்டரில் கொதிநீர் ஊற்றுகிறவர்களுக்கு அந்த நாலு டிகிரி நிச்சயம் தெரியும். மோக்கா பாட்டில் அவ்வளவு வித்தியாசம் வராது, அது மூடிய பாத்திரம், உள்ளே தன் அழுத்தத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது, தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே ஏறவும் தொடங்கிவிடுகிறது. ஆக மலையின் மேல் பழியைப் போட முடியாது.

உண்மையான காரணம் பெரும்பாலும் பச்சைத்தண்ணீர். மார்கழி, தை மாதக் காலையில் ஏற்காட்டுக் குழாயில் வருகிற தண்ணீரைத் தொட்டால் விரல் மரத்துப்போகும். அதை ஊற்றி அடுப்பில் வைத்தால் உள்ளே அடைபட்ட காற்றும் சில்லென்று இருக்கும். சில்லென்று இருக்கிற காற்று சூடேறும்போது நிறைய விரியும், ஆக தண்ணீர் போதுமான சூடு ஏறுவதற்குள்ளேயே அது தண்ணீரைத் தள்ள ஆரம்பித்துவிடும். வெதுவெதுத் தண்ணீர் தூளில் பட்டால் புளிப்புதான் முதலில் இறங்கும், இனிப்பும் தடிப்பும் இறங்காது. தனியாகக் கொதிக்கவைத்த வெந்நீரைக் கீழே ஊற்றித் தொடங்குங்கள், வித்தியாசம் முதல் வாயிலேயே தெரியும். இதே காரணத்தால்தான் தண்ணீரை வால்வுக்குச் சற்றுக் கீழே வரை நிரப்ப வேண்டும் என்கிறேன். ரெண்டு பேருக்குத்தானே என்று பாதி ஊற்றினால் காற்றுக்கு இடம் கூடுகிறது, தண்ணீர் இன்னும் குறைந்த சூட்டிலேயே ஏறிவிடும்.

வெந்நீருக்கு மாறியும் புளித்தால் தூளை ஒரு படி நைஸாக அரைக்கச் சொல்லுங்கள், அல்லது வறுவலை ஒரு படி கூட்டுங்கள். ரெண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், எது சரிசெய்தது என்று தெரியாமல் போய்விடும்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். வறுத்து ரெண்டு நாள்கூட ஆகாத கொட்டை ஏற்காட்டில் சில சமயம் கைக்குக் கிடைக்கும், வாசனை ஆளைத் தூக்கும். ஆனால் புதுசாக வறுத்ததில் கரியமில வாயு நிறைய இருக்கும், தண்ணீர் பட்டதும் அது பொங்கித் தூளைத் தள்ளிவிடும், தண்ணீர் ஒரே சீராக ஊறாது. ஒரு வாரம் பொறுத்திருந்து போடுங்கள். பொறுக்கிறேன் என்று டப்பாவைத் திறந்தே வைத்தால் மழைக்காலப் பனிமூட்டத்தில் தூள் ஈரம் இழுத்துக் கட்டிபிடிக்கும், அதனால் கொட்டையாகவே வாங்கி இறுக்கி மூடி வைத்து அவ்வப்போது அரைப்பதுதான் நல்லது.

டிகாக்‌ஷன் நன்றாக இருக்கிறது, பால் ஊற்றினால் வெளுத்துப்போகிறது

முதலில் பாட்டின் அளவைப் புரிந்துகொள்ளுங்கள். 3 கப் என்று போட்டிருந்தால் அது நம் டம்ளர் கணக்கில்லை, சின்ன இத்தாலியக் கப் கணக்கு, ஒரு கப் 50 மில்லிக்குள் இருக்கும். அந்த பாட்டுக்குத் தூள் சுமார் 15 முதல் 17 கிராம், தண்ணீர் சுமார் 150 மில்லி. தூள் தன் எடையைப் போல ரெண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், கீழேயும் கொஞ்சம் தங்கும், ஆக மேலே கிடைப்பது 110, 120 மில்லிதான். அது ரெண்டு பேருக்கு நல்ல காபி, நாலு பேருக்கு நிறம் மாறிய பால்.

புனலைப் பாதி நிரப்புவது அடுத்த தப்பு. "லைட்டா போதும்" என்று தூளைக் குறைத்தால் தண்ணீர் தளர்ந்த தூளில் ஓரமாக ஓடிவிடும். புனலை எப்போதும் முழுசாக நிரப்புங்கள், லைட்டாக வேண்டுமென்றால் டம்ளரில் வெந்நீர் கலந்துகொள்ளலாம். அடிக்கடி ஒரு ஆளுக்கு மட்டும் போடுகிற வீடு என்றால் சின்ன பாட் வாங்குவதுதான் வழி.

பால் விகிதம் டிகாக்‌ஷனுக்குச் சமமாக, அதிகபட்சம் ஒன்றரை மடங்கு. பால் தண்ணியாக இருந்தால் எவ்வளவு திக்கான டிகாக்‌ஷனும் எடுபடாது. ஆவின் நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. காபிக்குப் பச்சை போதும், தண்ணீர் கலக்காமல் காய்ச்சினால். பால் ரொம்பக் காய்ந்து பாதியாக வற்றினாலும் காபி வாசனை அமுங்கிவிடும், ஒரு பொங்கு பொங்கியதும் எடுங்கள்.

இன்னும் உறைப்பு வேண்டும் என்றால் கொட்டையை மாற்றுங்கள். அராபிகாவோடு கால் பங்கு ரோபஸ்டா சேர்த்தால் பாலுக்குள் அமுங்காமல் நிற்கும். ரோபஸ்டாவில் காஃபின் அராபிகாவைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு, ராத்திரி காபிக்கு மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். பீபெரி போட்டால் ஸ்ட்ராங்காக வரும் என்று கடையில் கூடுதல் விலை சொல்வார்கள். அது பழத்துக்குள் ரெண்டாகப் பிரியாமல் ஒற்றையாக உருண்ட கொட்டை, சீராக வறுபடும், நல்ல கொட்டைதான், ஆனால் காபி ஸ்ட்ராங் ஆவதற்கு அதற்காகக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

அதே தூளில் ரெண்டாம் டிகாக்‌ஷன் எடுக்கிற பழக்கத்தைப் பில்டரோடு விட்டுவிடுங்கள். மோக்காவில் ரெண்டாம் தடவை வருவது வெறும் கசப்புத் தண்ணீர்.

டம்ளர் அடியில் வண்டல்

கொஞ்சம் மண்டி தங்குவது இயல்பு. வாயில் நறநறக்கிற அளவுக்கு இருந்தால் தூள் நைஸ், அல்லது மேல்தட்டின் ஓட்டைகள் தேய்ந்து பெரிசாகியிருக்கும், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் தெரியும். ஊற்றியதும் ஒரு நிமிஷம் விட்டு, தெளிந்த பிறகு ஆற்றுங்கள்.

கீழே தண்ணீர் மிச்சம் இருக்கிறது

ஒரு ரெண்டு ஸ்பூன் அளவு எப்போதும் இருக்கும், புனல் குழாய் அடியைத் தொடாது. கால் பாத்திரம் மிச்சம் என்றால் சீக்கிரம் இறக்கிவிட்டீர்கள், அல்லது இடுக்கில் கசிகிறது, மேலே சொன்ன வாஷர் சமாச்சாரத்தைப் பாருங்கள்.

உலோக வாடை, உள்ளே கறுப்பு, வெள்ளைப் புள்ளிகள்

புது அலுமினிய மோக்கா பாத்திரத்தில் முதல் சில தடவை வருவதைக் குடிக்க வேண்டாம், மலிவான தூள் போட்டு எடுத்துக் கொட்டிவிடுங்கள். வாடை போய்விடும். அதற்குப் பிறகும் வந்தால் நீங்கள் கழுவுகிற விதம்தான் காரணம். புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் பித்தளை பில்டர் தங்கமாக மின்னும், அலுமினியத்தில் அதைச் செய்தால் மேலே படிந்திருக்கிற பாதுகாப்புப் படலம் கரைந்து உலோகம் வெளியே வந்துவிடும், அடுத்த காபியில் அந்த வாடை அடிக்கும். கம்பி நாரும் வேண்டாம். வெந்நீரில் அலசி, விரலால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்தால் மட்டும் துளி சோப்பு. எண்ணெய்ப் பிசுக்கை அப்படியே விட்டால் அது சிக்கெடுத்து அடுத்த காபியில் பழைய எண்ணெய் வாடை வரும், "பாத்திரம் பழகணும், கழுவக் கூடாது" என்று சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

கீழ்ப்பாத்திரத்தில் வெள்ளைப் படிவு என்றால் தண்ணீர் உப்பு. மேட்டூரில் இருந்து வருகிற காவிரித் தண்ணீருக்கும் போர் தண்ணீருக்கும் காபியில் தெரிகிற வித்தியாசம் கொஞ்சநஞ்சமில்லை. சேலத்தில் சுண்ணாம்புக் கரடு பக்கம் வெள்ளைக்கல் வெட்டுகிற பூமி, அந்தச் சுற்றுவட்டாரத்தில் போர் தண்ணீரில் காபி போட்டால் டிகாக்‌ஷன் சப்பென்று இருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். காபிக்கு மட்டுமாவது காவிரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ ஊற்றுங்கள், படிவுக்கு எலுமிச்சை உப்பு போதும். படிவு இல்லாமல் குழிகுழியாக அரித்த புள்ளிகள் என்றால் ஈரத்தோடு மூடி வைத்ததால் வந்தது. கழுவிய பிறகு மூன்று பாகத்தையும் தனித்தனியாகக் கவிழ்த்துக் காயவிட வேண்டும், திருகி மூடி வைக்கவே கூடாது.

இண்டக்‌ஷன் அடுப்பில் சூடே ஏறவில்லை

அலுமினியம் அதில் ஏறாது. ஸ்டீல் பாட் வாங்குகிறவர்கள் அடியில் ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள், இரும்பாலை இருக்கிற சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஸ்டீல் என்றாலே காந்தம் ஒட்டிவிடும் என்றில்லை. காந்தம் ஒட்டியும் அடுப்பு கண்டுகொள்ளவில்லை என்றால் அடிப்பாகம் சின்னது, அதற்கென்று விற்கிற இரும்புத் தட்டை இடையில் வையுங்கள்.

பால் திரிந்துபோகிறது

மோக்கா டிகாக்‌ஷன் சுடச்சுட இருக்கும், அராபிகாவில் புளிப்பும் இருக்கும். நேற்றுக் காய்ச்சிய பால், வெயில் காலத்தில் வெளியில் இருந்த பால் என்றால் அது பட்டதும் திரிந்துவிடும். பாலை அப்போதைக்குக் காய்ச்சுங்கள், டிகாக்‌ஷனையும் பாலையும் சேர்த்துக் கொதிக்கவிடாதீர்கள். செவ்வாய்ப்பேட்டை வெல்ல மண்டி இருக்கிற ஊரில் நாட்டுச்சர்க்கரை போட்டுக் குடிக்கிற வீடுகள் நிறைய, அங்கே திரிவதற்குப் பாதிக் காரணம் சர்க்கரைதான். அதைக் கொதிக்கிற பாலில் போடாமல், டம்ளரில் டிகாக்‌ஷனோடு கரைத்து, பாலை ஒரு ஆத்து ஆத்திச் சூடு தணிந்த பிறகு கடைசியாக ஊற்றுங்கள்.